அண்ணன் மகாவிஷ்ணு, தங்கை சக்தி, இடையில் கொடும்பாளூர்

கொடும்பாளூருக்கும் மூன்று என்ற எண்ணுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் இருக்க வேண்டும். முதல் சாட்சி சிலப்பதிகாரம். மதுரைக்கு வழி கேட்கிறான் கோவலன். மாங்காட்டு மறையவர் சொல்கிறார்: கொடும்பை நெடுங்குளத்துக் கரைக்குப் போங்கள், அங்கே பாதை சிவபெருமான் கையிலுள்ள சூலம்போல மூன்றாகப் பிரியும். அதோடு விட்டாரா? வலப்பக்கம் போனால் எந்த மலை, இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், அந்தக் குன்றத்தில் எத்தனை பொய்கை, எந்தப் பொய்கையில் குளித்தால் என்ன கிடைக்கும், நடுப்பாதையில் போனால் எந்தத் தெய்வம் வந்து வழி மறிக்கும் என்று விலாவாரியாக அடுக்குகிறார். பொய்கைகளும் மூன்றுதான். பாவம், கோவலன் கேட்டது வழி மட்டும்.

இரண்டாவது சாட்சி மூவர் கோயில். விராலிமலை தாண்டி மதுரைப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் உள்ளே திரும்பினால் பார்க்கலாம். தொல்லியல் துறையின் கம்பிவேலிக்குள் புல்தரை, அதன் நடுவே இரண்டு கற்கோயில்கள். பெயர் மூவர் கோயில், நிற்பது இரண்டு. மூன்றாவதின் அடித்தளம் மட்டும் மிச்சம்.

மூன்றாவது சாட்சி ஓர் இசைத்தட்டு. அமெரிக்காவில் 1975-இல் பதிவாகி, 1976-இல் வெளிவந்தது. குழுவின் பெயர் சக்தி. தட்டில் இருப்பது மூன்றே உருப்படி. வாசித்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் தமிழர் மூவர். இதற்கும் கொடும்பாளூருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ராஜாக்கள் மெய்க்கீர்த்தியில் விட்டுக்கொண்ட கதையோடு ஒப்பிட்டால் நான் சொல்லப்போவது அரிச்சந்திரன் வாக்குமூலம்.

இரண்டு ராணிகள், ஒரு சமாதான ஒப்பந்தம்

பத்தாம் நூற்றாண்டுவாக்கில் கொடும்பாளூரில் கோலோச்சியவர்கள் இருக்குவேளிர். சோழனுக்குச் சம்பந்தி, பாண்டியனுக்குத் தலைவலி. அவர்களில் பூதி விக்கிரமகேசரி என்பவன் மூன்று கோயில்களை வரிசையாக, மேற்குப் பார்த்து எழுப்பினான். ஒன்று தன் பெயரில். மற்ற இரண்டும் மனைவியர் கற்றளி, வரகுணை பெயர்களில். இரண்டு மனைவி கட்டிய ராஜாக்களுக்கு நம் வரலாற்றில் பஞ்சமில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே வரிசையில், ஒரே திசை பார்த்துக் கோயில் கட்டிக்கொடுத்து, நடுவில் தான் போய் நின்றுகொண்ட ராஜதந்திரி இவன் ஒருவன்தான். நடுக்கோயில் எதற்கு என்று சம்சாரிகளுக்கு விளக்கம் தேவையில்லை. இடிந்துபோன வடக்குக் கோயில் எந்த ராணியுடையது என்று மட்டும் யாரும் கிளற வேண்டாம். ஆயிரம் வருஷம் ஆறிய சண்டை.

கோயில் சுவரில் வடமொழியில், கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. குலப்பெருமை முழுவதும் அதில் உண்டு. தொடக்கம் சிதைந்ததால் குலத்தின் முதல் ஆள் பெயர் போய்விட்டது. மற்றவர்கள் வரிசையாக வருகிறார்கள். ஒரு முன்னோருக்கு வாதாபியை வென்றவன் என்ற பட்டம். வாதாபி வெற்றி என்றால் நமக்குப் பல்லவ நரசிம்மனும் பரஞ்சோதியும்தான் ஞாபகம் வருவார்கள். இவர்களோ அட்டையில் எங்கள் பெயரும் வர வேண்டும் என்கிறார்கள். இசைத்தட்டு உலகத்தில் இன்றும் நடக்கும் பஞ்சாயத்துதான் இது. வாசித்தது ஒருவர், கொட்டை எழுத்தில் பெயர் இன்னொருவருக்கு.

இதே பூதி விக்கிரமகேசரி, காளாமுகச் சைவர்களின் தலைவரான மல்லிகார்ஜுனருக்கு ஒரு பெரிய மடம் கட்டிக்கொடுத்து, ஐம்பது துறவிகளின் சாப்பாட்டுக்குப் பதினோரு ஊர்களை எழுதிவைத்தான். ஐம்பது பேர் பந்திக்குப் பதினோரு கிராமம்! மார்கழி சீசனில் எந்த சபா கேன்டீனும் இந்தத் தாராளத்தைக் கனவில்கூடக் கண்டதில்லை.

பிறகு கல்கி வந்தார். 1950 முதல் 1954 வரை வாராவாரம் பொன்னியின் செல்வன் எழுதி, கொடும்பாளூரை ஒரே ஓர் இளவரசியின் ஊராக மாற்றிவிட்டார். வாளெடுத்துத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட குலம், வாதாபி வரை உரிமை கொண்டாடிய குலம், இன்று தமிழனைக் கேட்டால், "ஓ, அடிக்கடி மயக்கம் போட்டு விழுமே, அந்த வானதி ஊரா?" என்கிறான். புகழ் என்பது இப்படித்தான். நாம் எதற்காக உழைத்தோமோ அதற்காக வராது.

பாறையில் அச்சடித்த பாட்டுப் புத்தகம்

கொடும்பாளூரிலிருந்து தென்கிழக்கே, அன்னவாசல் பக்கம் போனால் குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், பெரிய கரும்பலகை அளவுக்கு ஓர் இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டு எழுத்து. முப்பத்தெட்டு வரிகள், ஏழு பகுதிகள், ஏழு கிராம ராகங்கள். சுரங்கள் நான்கு நான்காகக் கோத்திருக்கின்றன. அதிலும் ஒவ்வொரு சுரத்துக்கும் அ, இ, உ, எ என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு, படிக்கிறவன் பல்லை உடைக்கிற ஏற்பாடு. 1904-இல் இது வெளியுலகுக்குத் தெரியவந்த நாள் முதல் பண்டிதர்கள் மோதிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதை வெட்டச் சொன்னவன் மகேந்திரவர்ம பல்லவன் என்று வெகுகாலம் சொன்னார்கள். அவன் இல்லை என்று பிற்பாடு வந்தவர்கள் சொன்னார்கள். கல்வெட்டு சொல்வது இவ்வளவுதான்: உருத்திராசாரியாரின் சீடனான, பரம சிவபக்தனான ஓர் அரசன், மாணவர்களின் நலனுக்காக இதைச் செய்தான். ஒரு ராஜா பாட்டு கிளாஸுக்குப் போயிருக்கிறான். வாத்தியார் பெயரை மறக்காமல் போட்டிருக்கிறான். தன் பெயரைப் போட மறந்துவிட்டான். இந்திய இசை வரலாற்றில் இது கடைசித் தடவை நடந்த அதிசயம்.

கடைசியில் தமிழிலும் ஒரு குறிப்பு உண்டு. இவை எட்டுக்கும் உரியவை, ஏழுக்கும் உரியவை என்று பொருள்படும். எட்டு நரம்பு, ஏழு நரம்பு வாத்தியங்கள் என்று விளக்குகிறார்கள். வடமொழியில் இலக்கணம், தமிழில் அடிக்குறிப்பு, வாத்தியார் ஒரு மரபு, வாத்தியம் எதுவானாலும் சரி! கலப்பிசை என்று இன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்களே, அதன் முதல் அட்டைக் குறிப்பைப் புதுக்கோட்டைச் சீமைப் பாறையில் எழுதி 1,300 வருஷம் ஆகிறது.

டான்காஸ்டர் ஜான், மகாவிஷ்ணு ஆன படலம்

இனி கடல் தாண்டுவோம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம், டான்காஸ்டரில் 1942-இல் பிறந்தவர் ஜான் மெக்லாஃப்லின். கிட்டாரில் அசுரன். 1969-இல் நியூயார்க் போனதும், ஜாஸ் உலகத்தின் சக்கரவர்த்தி மைல்ஸ் டேவிஸ் அவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். 'பிட்சஸ் ப்ரூ' தட்டில் ஒரு உருப்படிக்கு 'ஜான் மெக்லாஃப்லின்' என்றே பெயர் வைத்துவிட்டார் மைல்ஸ். நம் ஊரில் கீர்த்தனையில் முத்திரை வைப்பது பாடலாசிரியர் உரிமை. பக்கவாத்தியக்காரன் பெயரைப் பாட்டுக்கே வைத்த கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அப்புறம் நியூயார்க்கில் ஸ்ரீ சின்மாய் என்ற வங்காள குரு அவருக்கு மகாவிஷ்ணு என்று தீட்சா நாமம் கொடுத்தார். நம் ஊரில் அந்தப் பெயரில் மளிகைக் கடை வைப்பார்கள், பஸ் விடுவார்கள். அவர் 1971-இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒரு குழு ஆரம்பித்தார். பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் பெயரை வைத்துக்கொண்டு, பாற்கடலே திரிந்துபோகிற சத்தத்தில் வாசித்தார்கள். இரட்டைக் கழுத்துக் கிட்டார், பில்லி கோபமின் டிரம்ஸ், மின்சார வயலின், சுவர் சுவராக ஸ்பீக்கர். ஜாஸும் ராக்கும் சேர்ந்த ஃப்யூஷன் என்ற வகைக்கே அவர்கள்தான் முகவரி. சத்தத்தோடு சண்டையும் சேர, 1973 முடிவதற்குள் முதல் அணி கலைந்தது.

அந்தக் களேபரத்துக்கு நடுவிலேயே மனிதர் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகம். எழுபதுகளில் அது மயிலாப்பூரின் வெளிநாட்டுக் கிளை. அங்கே வீணை கற்கப் போனார். வாத்தியார் டாக்டர் எஸ். ராமநாதன். இங்கேதான் கதை திரும்பி நம் ஊர்ப் பக்கம் வருகிறது. இந்த ராமநாதன் அதே பல்கலைக்கழகத்தில் எதை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார் தெரியுமா? சிலப்பதிகாரத்தில் இசை! கொடும்பையில் பாதை மூன்றாகப் பிரியும் என்று சொன்ன அதே காப்பியம். யார்க்‌ஷயர்க்காரர் வீணையை மடியில் வைத்துக்கொண்டு யாரிடம் ச-ப-ச மீட்டினாரோ, அந்த மனிதர் தலைக்குள் கோவலனும் மாதவியும் யாழும் குழலும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

மெக்லாஃப்லின் வீணை வித்வான் ஆகவில்லை. ஆனால் கிட்டாரின் மேல் வீணையின் ஆவி ஏறிக்கொண்டது. ஆப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர், கிப்சன் கம்பெனிக்காக அவருக்கு ஒரு தனிக் கிட்டார் செய்துகொடுத்தார். வழக்கமான ஆறு தந்திகள். அவற்றின் கீழே குறுக்காக இன்னும் ஏழு, தம்பூராவாக ரீங்கரிக்க. மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தது, தந்தியை அழுத்தி கமகம் பிடிக்க. கிட்டார் என்றால் விரலை வைத்த இடத்தில் சுரம் நிற்கும், அசையாது. நம் சங்கீதத்திலோ அசையாத சுரத்தை மதிக்கவே மாட்டார்கள். மரத்தைச் சுரண்டிக் குழிபறித்து அந்த வழக்கைத் தீர்த்தார் மனிதர்.

இப்படியாக மகாவிஷ்ணு என்று பெயர் வைத்துக்கொண்டவர் சக்தி என்ற குழுவுக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் இதைப் பெரிய திருப்பம் என்று எழுதின. தமிழனுக்கு இதில் ஒரு திருப்பமும் இல்லை. அண்ணன் தங்கை வீட்டுக்கு வருகிறார், அவ்வளவுதான். மதுரையில் வருஷாவருஷம் நடப்பது. கொடும்பையில் இடப்பக்கம் திரும்பினால் வருகிற திருமால்குன்றத்து அழகர், தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பி வந்தும் நேரத்துக்குச் சேர முடியாமல் வைகையோடு திரும்புவார். மெக்லாஃப்லின் மேளம் கொட்டும்போதே வந்துவிட்டார்.

சக்தி மண்டபத்தில் ஐவர்

வந்தவர்கள் யார் யார்? வயலின் எல். சங்கர். சென்னையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, வெஸ்லியனில் படித்தவர். மிருதங்கம் ராம்நாடு வி. ராகவன், அங்கேயே வாத்தியார். கடம் விக்கு விநாயக்ராம். தபலா ஜாகிர் உசேன். பிறந்த குழந்தையின் காதில் பிரார்த்தனை ஓதச் சொன்னபோது, தகப்பனார் அல்லா ரக்கா தபலா ஜதிகளை ஓதினார் என்பது ஜாகிரே சொல்லிக்கொண்டிருந்த கதை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அப்போது வயது 24.

1975 ஜூன் 25-ஆம் தேதி இங்கே நெருக்கடி நிலை அறிவித்தார்கள். பத்திரிகைக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்களுக்குச் சிறை. சரியாகப் பத்து நாள் கழித்து, ஜூலை 5-ஆம் தேதி, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் இந்த ஐந்து பேரும் மேடையில் உட்கார்ந்தார்கள். ஆம், உட்கார்ந்தார்கள். சம்மணம் போட்டு. இரட்டைக் கழுத்து மின்சாரக் கிட்டாரோடு மேடையில் ஆடிய மனிதர் இப்போது ஜமக்காளத்தில். சத்தத்துக்காக வந்த ரசிகர்கள் காதில் பஞ்சு கொண்டுவந்திருந்தால் அதை எடுத்துப் பையில் வைக்க வேண்டியிருந்திருக்கும்.

முதல் உருப்படி 'ஜாய்'. பதினெட்டு நிமிடம். இதற்கு வார்ம்-அப் கிடையாது, வர்ணம் கிடையாது. வயலினும் கிட்டாரும் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடுகின்றன. எது தந்தியைத் தட்டுவது, எது வில் போடுவது என்று பிரித்தறியவே கொஞ்ச நேரம் பிடிக்கும். பிறகு ஆளுக்கொரு பங்கு வாசித்துக் கேள்வி பதிலாகி, பங்கு பாதியாகி, பாதி காலாகிச் சுருங்கி, கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாக முட்டிக்கொள்ளும் இடம். ஜாஸ்காரர்கள் நான்கு நான்கு அளவாக மாற்றி மாற்றி வாசிப்பார்கள். நாம் குறைப்பு என்போம். இரண்டு கண்டங்களில் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரே சண்டை. இதில் வேடிக்கை, கிட்டார்க்காரரின் முகத்தைப் பார்க்காமலே அவர் சிரிப்பு கேட்கிறது. பெயருக்கேற்ற உருப்படி.

இரண்டாவது 'லோட்டஸ் ஃபீட்'. ஐந்து நிமிடம்கூட இல்லை. மெதுவானது. அலட்டல் கிடையாது. வேகம் காட்டத் தெரிந்தவன் வேகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பதுதான் கஷ்டம். இந்த ஐந்து பேரும் அதைச் செய்கிறார்கள். பூதி விக்கிரமகேசரியின் நடுக்கோயில் மாதிரி, இரண்டு பெரிய விவகாரங்களுக்கு நடுவே ஒரு சமாதானம். தட்டிலேயே சின்ன உருப்படி இது. தட்டை விட அதிக நாள் வாழ்ந்ததும் இதுதான். பிற்காலச் சக்தி மேடைகளில் இதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

மூன்றாவதின் பெயரைச் சொல்லவே ஒரு ஆவர்த்தனம் வேண்டும். 'வாட் நீட் ஹாவ் ஐ ஃபார் திஸ்' என்று ஆரம்பித்து, எனக்கு இது எதற்கு, அது எதற்கு, என் நாதன் காலடியில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தம், எல்லாம் ஆனந்தம் என்று முடிகிறது. ராஜராஜனின் மெய்க்கீர்த்தி எழுதியவர்கூட இந்தத் தலைப்பைப் பார்த்தால் கொஞ்சம் வெட்டலாமே என்பார். உருப்படி இருபத்தொன்பது நிமிடம். ஆல விழுதுபோல ஆலாபனையாக இறங்கி, தாளத்தில் கால் ஊன்றி, படிப்படியாக வேகம் ஏறி, தோலும் மண்ணும் தனித்துப் பேசும் இடத்துக்கு வருகிறது.

அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஏனென்றால் தட்டின் மெய்யான சாகசம் அங்கேதான் இருக்கிறது.

உலகம் இந்தத் தட்டைக் கிழக்கும் மேற்கும் சந்தித்ததாகக் கொண்டாடுகிறது. எனக்கென்னவோ அது பொய்ச் சாட்சி. மேற்கிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர். அவரும் வீணை கற்றுக்கொண்டு, பெரும்பாலும் கார்டு போடுவதை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்தவர். சந்தித்தது வடக்கும் தெற்கும். தபலாவும் கடமும் மிருதங்கமும் ஒரே ஜமக்காளத்தில். அதுவரை நம் நாட்டில் இந்துஸ்தானிக்காரர்கள் கர்நாடக மேடைப் பக்கம் வந்தால் விருந்தாளி; மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட அநேகருக்கு நேரமில்லை. சென்னையும் மும்பையும் சந்திக்க லாங் ஐலண்ட் வரை போக வேண்டியிருந்தது. நடுவில் உட்கார ஒரு யார்க்‌ஷயர்க்காரர் தேவைப்பட்டார். நம் ஊரில் பங்காளிச் சண்டையைத் தீர்க்க எப்போதும் ஒரு மூன்றாம் மனிதர் வேண்டும்.

உட்கார்ந்து பார்த்தால் தெரிகிறது, கணக்கு ஒன்றுதான். வடக்கே திஹாய் என்பார்கள். ஒரு சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, மூன்றாவதின் கடைசி அடி சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், விழ வேண்டும். தெற்கே நம்முடைய தீர்மானமும் மோராவும் அதே மூன்று. முதல் தடவை வாசிக்கும்போது கேட்கிறவன் இது என்ன என்கிறான். இரண்டாவது தடவை, ஓ, அப்படியா என்கிறான். மூன்றாவது தடவை அவனே முந்திக்கொண்டு சமத்தைத் தேடித் தொடையில் தட்டுகிறான். லாங் ஐலண்ட் கல்லூரி மாணவனுக்கு ஆதி தாளம் தெரியாது, மூன்று தெரியும். கூட்டம் சரியான இடத்தில் கூவுகிறது.

இந்தத் தட்டை மூவர் கோயில் புல்தரையில் ஹெட்போனில் கேட்டபோது எனக்கு அந்தக் காலி அடித்தளத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. இரண்டு தடவை தீர்மானம் வைத்துவிட்டு மூன்றாவதை வாசிக்காமல் போன மிருதங்கக்காரரை ஆயிரம் வருஷமாகத் தேடிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது அந்த ஊர்.

பின்வரிசைப் பானை முன்வரிசைக்கு வந்த கதை

கச்சேரி மேடைக்கு ஒரு சாதியடுக்கு உண்டு. வித்வான்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். நடுவில் பாடகர். ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். கடமும் கஞ்சிராவும் உபபக்கவாத்தியம். இடம் பின்வரிசை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வயிறு நிறைய சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு மிச்சம் பரிமாறப்படும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பாடகர் கடிகாரத்தைப் பார்த்தால் அதுவும் இல்லை.

சக்தி அந்த ஜமக்காளத்தை உதறிப் போட்டது. கடம் முன்வரிசைக்கு வந்தது. முதல் தட்டுக்குப் பிறகு ராகவன் விலக, நால்வர் அணியில் தென்னாட்டுத் தாளப் பொறுப்பு முழுவதும் விநாயக்ராம் மடியில். வயிற்றோடு அணைத்த ஒரு மண்பானை, பக்கத்தில் தபலா. இருவரும் சரிக்குச் சமம். பிற்பாடு 1991-இல் வந்த 'பிளானட் டிரம்' தட்டில் பங்கேற்று விநாயக்ராம் கிராமி விருதில் பங்கு பெற்றார். உலக இசைக்கென்று அந்த விருதை ஏற்படுத்திய முதல் தடவையே பானைக்குக் கிடைத்தது. பின்வரிசையில் யார் யாரை உட்கார வைத்தோம் என்று சபாக்கள் கணக்கெடுத்திருக்க வேண்டிய நேரம் அது.

இசைத்தட்டுக் கம்பெனிக்கோ துக்கம். அவர்களுக்கு வேண்டியிருந்தது இடி முழக்கும் மின்சார மகாவிஷ்ணு. கிடைத்தது சம்மணம் போட்ட சக்தி. விற்பனை சுமார். மூன்று தட்டுகள் போட்டுவிட்டு (கவனியுங்கள், மூன்று) 1978-இல் குழு கலைந்தது.

கலைந்தது, முடியவில்லை. 1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபடி கிளம்பினார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், சங்கர் மகாதேவன் வந்தார். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வந்தார். அவர் கையில் கஞ்சிரா. முதல் தட்டில் இல்லாத வாத்தியம். இப்போது கதை புதுக்கோட்டைக்குத் திரும்புகிறது, செலவில்லாமல்.

கஞ்சிரா பஜனைக் கோஷ்டியில் தட்டிக்கொண்டு போகிற சின்ன வளையம். பலாமரச் சட்டம், ஓரத்தில் சலசலக்கும் காசு, மேலே உடும்புத் தோல். அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அரண்மனை ஊரில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர், தவில் வித்வான் மாரியப்ப பிள்ளையிடம் லயம் படித்தவர் என்று சொல்வார்கள். ஊர்வலத்தில் மற்றவர்கள் சாமியைப் பார்க்க விளக்குப் பிடித்தவர், மனசுக்குள் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். உடும்புப் பிடி. பஜனை வாத்தியத்துக்குக் கச்சேரியில் என்ன வேலை என்று முகம் சுளித்த வித்வான்கள் அன்றும் இருந்தார்கள். மனிதர் கணக்கில் அடித்த அடியில் வாயை மூடினார்கள். அவரது சிஷ்யர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தார். தஞ்சாவூர் வழிக்கு எதிரில் புதுக்கோட்டை வழி என்று ஒரு லயப் பரம்பரையே கிளம்பியது. அந்த வழியில் வந்த ராமநாதபுரம் முருகபூபதியிடம் கற்றவர் கஞ்சிரா ஜி. ஹரிசங்கர். அவரிடம் கற்றவர் செல்வகணேஷ். உடும்பு இப்போது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைப் பிடித்தால் சிறை. வேறு தோல்களும் செயற்கைத் தோல்களும் வந்துவிட்டன. பிடி மட்டும் விடவில்லை.

2023-இல் சக்தி 'திஸ் மொமென்ட்' என்ற தட்டை வெளியிட்டது. 2024 பிப்ரவரி 4-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் அதற்கு கிராமி கொடுத்தார்கள். ஜாகிர் உசேன் அன்று ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கினார். (மறுபடியும் மூன்று. நான் ஒன்றும் செய்வதற்கில்லை.) அதே வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி அவர் காலமானார்.

தூய்மைக் காவலர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இந்தத் தட்டைப் போட்டால் இன்றும் சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். கலப்படம் என்கிறார்கள். சாஸ்திரீயம் கெட்டது என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர் வீட்டு மார்கழிக் கச்சேரியில் வயலின் இல்லாமல் ஒரு நாள் நடக்குமா? அந்த வயலின் வெள்ளைக்காரன் பேண்டு வாத்தியக் கோஷ்டியிலிருந்து, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வழியாக வந்தது. கஞ்சிரா பஜனையிலிருந்து வந்தது. குடுமியான்மலைப் பாறையில் வடமொழியும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கொடும்பாளூர் வேளிர் தமிழ்ச் சீமையில் இருந்துகொண்டு தங்கள் பெருமையை வடமொழியில் வெட்டிக்கொண்டார்கள். தூய்மையாக எதையும் வைத்துக்கொண்ட ராஜா ஒருவரையும் நான் வரலாற்றில் பார்க்கவில்லை; பெருமை பேசிய ராஜாக்களைத்தான் பார்த்தேன்.

கலந்ததெல்லாம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். சிதாரை ஓரமாக உட்கார வைத்துப் பின்னால் டிரம்ஸ் இடிக்கும் சரக்கு எத்தனையோ வந்து போய்விட்டது. அதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. இவர் பாட்டுக்கு இவர், அவர் பாட்டுக்கு அவர். சக்தியின் முதல் தட்டு நிற்பதற்குக் காரணம், ஐந்து பேரும் வாசித்ததைவிட அதிகம் கேட்டார்கள். மெக்லாஃப்லின் கற்றுக்கொண்டு வந்தார். ஜாகிர் கடத்துக்கு இடம் விட்டார். சங்கர் கிட்டாரைத் துரத்தினாலும் தாண்டிப் போகவில்லை. கலப்பிசைக்குத் தேவையான தகுதி அவ்வளவுதான், அதுதான் எங்கும் கிடைப்பதில்லை. என் தீர்ப்பு: அரை நூற்றாண்டு கழித்தும் இந்த வகையில் இதை மிஞ்சிய மேடைப் பதிவு என் காதில் விழவில்லை.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. நேராக 'ஜாய்' போட்டு மூச்சு வாங்காதீர்கள். முதலில் 'லோட்டஸ் ஃபீட்'. அடுத்து அந்த நீளப் பெயர்க்காரர், நல்ல ஹெட்போனில், முழு இருபத்தொன்பது நிமிடமும், போனைப் பார்க்காமல். கடைசியில் 'ஜாய்'. மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகும் இது கலப்படம்தான் என்று தோன்றுகிறவர்கள் குடுமியான்மலைக்குப் போய், பாறையில் இருக்கும் முப்பத்தெட்டு வரிகளையும் சுரம் பிசகாமல் பாடிக் காட்டட்டும். பாடிவிட்டால் அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்.